“குதிகால் வலிக்குது சார்!”

ஜூலை பிறந்துவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையின் இருபக்கமும் உள்ள பள்ளிகளில் பி.டி. பீரியடுக்கு உயிர் வந்துவிடும். குறுவட்டப் போட்டிகள் நெருங்கும் நேரம். ஏப்ரல், மே முழுக்க மொபைலோடு கிடந்த பிள்ளைகள், பள்ளி திறந்த சில வாரங்களில் காலையும் மாலையும் மைதானத்தில் நிற்கிறார்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் என்று எங்கே இறங்கினாலும் சுண்ணாம்புக் கோடு, விசில் சத்தம், நீளம் தாண்ட வெட்டிப்போட்ட மணல்குழி. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஏதாவது ஒரு பிள்ளை ஓடுவதை நிறுத்திவிட்டு நுனிக்காலில் நொண்டி நொண்டி வரும். “சார், குதிகால் வலிக்குது.”

பெரியவர்களிடம் இதற்குத் தயாராகவே பதில்கள் உண்டு. வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். எண்ணெய் தேய்ச்சு நீவி விட்டா போயிடும். ஓட ஓடச் சரியாயிடும். முதல் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மூன்றாவது பதில்தான் பல பிள்ளைகளை மைதானத்தை விட்டே வெளியேற்றுகிறது.

ஜேம்ஸ் வாரன் செவர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1912-லேயே இந்த வலியைப் பற்றி எழுதிவிட்டார். அவர் பெயராலேயே இன்றும் அது ‘செவர் நோய்’ எனப்படுகிறது. நோய் என்ற சொல் பெற்றோரைப் பயமுறுத்தும். உள்ளபடி அது வளர்ச்சிக் காலத்தில் வரும் ஒரு சுமைப் பிரச்சினை. 8 முதல் 14 வயதுக்குள் வருகிறது. அந்த வயதில் குதிகால் எலும்பின் பின்பகுதி முழுமையாக எலும்பாகியிருக்காது. நடுவே குருத்தெலும்பாலான ஒரு வளர்தட்டு இருக்கும். கெண்டைக்கால் தசையின் நாண் வந்து பிடித்துக்கொள்வது சரியாக அந்த இடத்தில்தான். பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக வளர்கிறார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முதலில் நீள்கிறது. தசையும் நாணும் அதற்கு ஈடுகொடுக்கச் சில மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் கெண்டைக்கால் இறுகி நிற்கும். இறுகிய தசையோடு தினமும் நூறு முறை குதித்தால் வளர்தட்டு இழுபட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

குதிகாலின் இரண்டு பக்கங்களையும் விரல்களால் சேர்த்து அழுத்தினால் பிள்ளை துடித்துக் காலை இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் இதுவே போதிய அடையாளம். சில வாரங்களுக்கு ஓட்டத்தையும் குதித்தலையும் குறைப்பது, காலணிக்குள் குதிகாலுக்கு மெத்தென்ற அட்டை வைப்பது, வலி தணியத் தணியக் கெண்டைக்காலைப் பக்குவமாகப் பலப்படுத்துவது என்று வைத்தியம் எளியது. வளர்தட்டு எலும்போடு கூடிவிட்டால் இந்த வலி திரும்பாது. அதற்குள் அந்தப் பிள்ளை “எனக்கு ஸ்போர்ட்ஸ் சரிப்படாது” என்று முடிவுகட்டிவிடக் கூடாது, கவலை அதுதான்.

எட்டு மடங்கு சுமை

கெண்டைக்கால் என்று நாம் ஒன்றாகச் சொல்லும் இடத்தில் முக்கியமான தசைகள் இரண்டு. மேலே புடைத்துத் தெரியும் இரட்டைத் தலைத் தசை காஸ்ட்ராக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலிருந்தே புறப்படுகிறது. அதனடியில் தட்டையாக ஒளிந்திருப்பது சோலியஸ். இது முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து அக்கிலிஸ் நாணாகத் திரண்டு குதிகாலில் முடிகின்றன. கண்ணுக்குத் தெரிவது மேலே உள்ளது; ஓட்டத்தில் கூடுதலாக உழைப்பதோ அடியில் இருப்பது. ஓடும்போது சோலியஸ் தசை தாங்கும் விசை உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு வரை போகும் என்று உடலியக்க ஆய்வுகள் கணக்கிடுகின்றன. 40 கிலோ எடையுள்ள ஏழாம் வகுப்புப் பிள்ளையின் ஒற்றைக் காலுக்கு, ஒவ்வோர் அடியிலும் 240 கிலோவுக்கு மேல்.

நாணின் வேலை வேறு. உண்டிவில்லின் ரப்பர் இழுபட்டு விடுபடுவதுபோல, பாதம் தரையில் பதியும்போது அது நீண்டு சக்தியைச் சேமித்து, உந்தும்போது திருப்பித் தருகிறது. நல்ல விரைவோட்டக்காரரின் பாதம் தரையில் இருப்பது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதற்குள் இத்தனையும் நடந்தாக வேண்டும்.

மும்முறைத் தாண்டுதலில் சுமை இதையும் மீறும். திருவாரூர் மாவட்டத்திலிருந்து வந்த பிரவீன் சித்திரவேல் 2018-ல் பியூனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். 2023 மே மாதம் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். அதே ஆண்டு மார்ச்சில் முதலூர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டரைத் தொட்டார். அதுவும் தேசிய சாதனை. மும்முறைத் தாண்டுதலில் ஒரு பாதம் தரையில் இறங்கும்போது தாங்கும் விசை உடல் எடையின் பத்து மடங்கைத் தாண்டிவிடும். இவர்களைப் பார்த்து மணல்குழிக்கு ஓடிவரும் பிள்ளைகள் நம் பக்கம் ஏராளம். அந்த விசையைத் தாங்க இந்த வீரர்கள் பல ஆண்டுகளாகக் காலைத் தயார்செய்தார்கள் என்ற பாதிக் கதையைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

கணுக்கால் கைவிட்டால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் உட்கார வேண்டியதுதான். 2023 உலகக் கோப்பையில், அக்டோபர் 19 அன்று புனேயில், தான் வீசிய பந்தைக் காலால் தடுக்கப் போன ஹார்திக் பாண்டியாவின் கணுக்கால் திரும்பியது, தொடரே முடிந்தது. அதே தொடரில் 24 விக்கெட் எடுத்த முகமது ஷமி, 2024 பிப்ரவரியில் குதிகால் நாணுக்கு லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மீண்டும் இந்திய அணிக்கு ஆடியது 2025 ஜனவரியில். பாட்மிண்டன் வீராங்கனை பி.வி. சிந்து 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றபோது இடது காலில் அழுத்த எலும்பு முறிவு இருந்தது. அந்த மாதமே நடந்த உலக சாம்பியன்ஷிப்பை அவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. சீனாவின் தடை ஓட்ட வீரர் லியு சியாங்கின் கதை இன்னும் கொடியது. 2008-ல் சொந்த நாட்டு ஒலிம்பிக்கில் குதிகால் நாண் வலியால் திரும்பி நடந்தார். 2012-ல் லண்டனில் முதல் தடையிலேயே நாண் அறுந்து விழுந்தார்.

இவர்களுக்கெல்லாம் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஸ்கேன் என்று ஒரு படையே பின்னால் நின்றது. கூடுவாஞ்சேரியில் எட்டாம் வகுப்பு படிக்கும் கபடிப் பிள்ளைக்குப் பின்னால் நிற்பவர் ஒரே ஒரு பி.டி. சார். அவரும் பல நாள் கணக்குப் பாடத்துக்கு பீரியடை விட்டுக்கொடுத்துவிட்டு நிற்பவர்.

சுவர் ஒன்று போதும்

கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். உலகெங்கும் விளையாட்டு மருத்துவர்கள் செய்யும் சோதனையே இதுதான்: வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, ஒரு காலை முன்வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி மறுபடி. குதிகால் எழும்பாமல் தொட முடிகிற கடைசி இடத்தில், கட்டை விரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து சென்டிமீட்டர் சுமாரான அளவு. பிள்ளைகளின் கால் சிறிது என்பதால் அவர்களிடம் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்கக் கூடாது. வலதுக்கும் இடதுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் அந்தக் காலில் பழைய சுளுக்கு ஏதாவது முழுமையாக ஆறாமல் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

கணுக்கால் மடங்காத பிள்ளை குதித்து இறங்கும்போது உடம்பு வேறு வழி தேடிக்கொள்ளும். குதிகால் எழும்பும், பாதம் உட்பக்கம் சரியும், முழங்கால் உள்நோக்கி மடியும். வாலிபாலில் பிளாக் செய்துவிட்டு இறங்கும் பெண்ணின் முழங்கால் இப்படி உள்ளே விழுந்தால், முழங்கால் மூட்டின் நடுத் தசைநார் அறுந்துபோகும் ஆபத்து கூடுகிறது. கணுக்காலில் தொடங்கிய குறையை முழங்காலில் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய.

இந்த மடக்கத்தை நம் வீடுகள் ஒரு காலத்தில் செலவில்லாமல் கொடுத்தன. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தார்கள், கோலம் போட்டார்கள், கழிவறையிலும் அப்படியே உட்கார்ந்தார்கள். பாதம் முழுக்கத் தரையில் பதிய அடிவரை உட்காருவது கணுக்காலைக் கிட்டத்தட்ட அதன் எல்லை வரை மடக்கும் வேலை. தாம்பரத்துக்குத் தெற்கே எழும்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகளில் வெஸ்டர்ன் டாய்லெட், சோபா, டைனிங் டேபிள். அந்த வீட்டுப் பிள்ளையைக் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னால் பின்னால் சாய்ந்து விழுகிறது, இல்லையென்றால் நுனிக்காலில் நிற்கிறது. தோப்புக்கரணம் போடச் சொன்னாலும் குதிகால் மேலே போய்விடுகிறது. குதிகாலை அழுத்தி வைத்து, மெதுவாக, அடிவரை பத்துத் தோப்புக்கரணம் போடுவது நல்ல கணுக்கால் பயிற்சி. தண்டனையாகக் கொடுக்காமல் வார்ம்-அப்பில் சேர்த்தால் பிள்ளைகள் விரும்பியே செய்வார்கள்.

இதே மடக்கம் கோகோவிலும் வேண்டும்: துரத்துவோர் கட்டத்தில் குந்தியிருந்து பாய வேண்டும். பரதநாட்டியத்தில் அரைமண்டி முழுக்கக் கணுக்காலையும் தொடையையும் நம்பியது. குதித்து மெட்டு அடவில் நுனிக்காலில் குதித்துக் குதிகாலைத் தட்டுவது கெண்டைக்காலுக்குக் கடும் வேலை. 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்திரா இன்று இயங்கும் திருவான்மியூர் இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. நடன ஆசிரியர்கள் பல தலைமுறையாக இந்தக் காலைப் படிப்படியாக, ஆண்டுக்கணக்கில் தயார்செய்கிறார்கள். ஓட்டப் பயிற்சியாளர்களும் அந்தப் பொறுமையை அங்கே போய்ப் பார்த்துவர வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். வளைவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. சில பிள்ளைகளின் மூட்டுகள் இயல்பிலேயே தளர்வானவை. அவர்களுக்குத் தேவை பலம், மேலும் இழுப்பு அல்ல. கணுக்காலை மடக்கும்போது பின்னால் கெண்டைக்கால் இழுபட்டால் அது தசையின் இறுக்கம். முன்பக்கம் சுருக்கென்று குத்தினால் மூட்டே தடுக்கிறது என்று பொருள். அங்கே வலுக்கட்டாயமாக அழுத்தக் கூடாது. நேரமும் முக்கியம். ஓடுவதற்குச் சற்று முன் ஒரு நிமிடத்துக்கு மேல் தசையை இழுத்துப் பிடித்து நிறுத்தினால் வேகமும் குதிப்பும் சிறிது குறைகின்றன. ஆட்டத்துக்கு முன் அசைந்து அசைந்து செய்யும் பயிற்சி, ஆட்டம் முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது முப்பது வினாடி நிறுத்திப் பிடிக்கும் இழுப்பு. இந்த வரிசை மாறாமல் இருந்தாலே போதும்.

படிக்கட்டின் விளிம்பில்

கெண்டைக்காலுக்குப் பலம் சேர்ப்பது எப்படி என்று கேட்டால், ஒரு படிக்கட்டைக் காட்டலாம். விளிம்பில் முன்பாதத்தை வைத்து, மூன்று வினாடியில் மேலெழும்பி, ஒரு வினாடி நின்று, மூன்று வினாடியில் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குவது. முதலில் இரண்டு கால்களால். மூன்று செட், செட்டுக்குப் பன்னிரண்டு. அது இலகுவானபின் ஒற்றைக் காலில். அதுவும் இலகுவானபின் முதுகில் புத்தகப் பையோடு. முழங்காலை நீட்டிச் செய்தால் மேல்தசைக்கும் வேலை. முழங்காலைச் சற்று மடக்கிச் செய்தால் சுமை பெரும்பாலும் அடியிலுள்ள சோலியஸுக்குப் போகும். ஓட்டத்தில் பெருஞ்சுமை தாங்குவது அந்தத் தசை என்பதால் மடக்கிய முழங்கால் பயிற்சியை விட்டுவிடவே கூடாது. பெரும்பாலான மைதானங்களில் விட்டுப்போவது அதுதான். வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் போதும். ஒற்றைக் காலில் தடையில்லாமல் 25 முறை எழும்புவது பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு.

மெதுவாக இறக்குவதன் மகிமையை உலகுக்குக் காட்டியவர் ஸ்வீடனின் உமியோ நகரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹாகன் ஆல்ஃபிரட்சன். அவருக்கே அக்கிலிஸ் நாண் வலி இருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொள்ள விரும்பினார்; மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் மோசமானால் அறுவை சிகிச்சை செய்தே தீர வேண்டியிருக்குமே என்று, வலியோடு வலியாகக் குதிகாலை இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தார். நாண் அறுவதற்குப் பதில் வலி குணமானது. பிறகு நாள்பட்ட வலியோடு இருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு 12 வாரங்கள், தினமும் 180 முறை இதே பயிற்சியைக் கொடுத்தார்; 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். 1998-ல் வெளியான அந்த ஆய்வு நாண் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அது நடுவயதினருக்கான கடும் மருந்து. 180 என்ற எண்ணைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது. ஆனால் நாண் ஓய்வில் மட்டும் தேறிவிடாது, அளவான சுமைதான் அதைத் தேற்றும் என்ற அடிப்படை எல்லா வயதுக்கும் பொருந்தும்.

“எடை தூக்கினா வளர்த்தி நின்னுடும்” என்ற பயம் தெற்குப் புறநகர் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பயிற்சி தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, முறையாகச் செய்யும் எடைப் பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பதில் உலகின் விளையாட்டு மருத்துவ அமைப்புகள் இப்போது ஒருமித்து நிற்கின்றன. எடை இல்லாமல் நூறு முறை குதித்து இறங்கும் பிள்ளைக்கு, ஐந்து கிலோ பையோடு பன்னிரண்டு முறை நுனிக்காலில் எழும்புவது பெரிய சுமையே இல்லை.

பலம் வந்தபின் துள்ளல். ஸ்கிப்பிங் கயிறு இதற்கு மிக நல்ல துணை: தாழ்வாக, சத்தமில்லாமல், முழங்காலை அதிகம் மடக்காமல் இருபது, முப்பது குதிப்பு. கோவளம், பெசன்ட் நகர் மணலில் ஓடுவதும் கெண்டைக்காலுக்கு உரம்தான். பி.டி. உஷா பய்யோளிக் கடற்கரை மணலில் பயிற்சி எடுத்தவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டவர். ஆனால் மணலில் குதிகால் ஆழமாகப் புதைவதால் நாணுக்கு வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு மணிநேரம் மணலில் விரட்டினால், திங்கட்கிழமை பாதி அணி நொண்டும். முதல் வாரம் பத்து நிமிடம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக.

சுளுக்கும் நீவலும்

கணுக்கால் திரும்பினால் சுளுக்கெடுப்பவரிடம் ஓடுவது நம் ஊர் வழக்கம். இங்கே மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. புதிதாகத் திரும்பிய கணுக்காலில் உள்ளே தசைநார் கிழிந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அப்போது அழுத்தி நீவினால் வீக்கம் கூடும். எலும்பில் விரிசல் இருந்தால் விளைவு இன்னும் மோசம். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்துக் கொடுத்த விதியை ஒவ்வொரு பி.டி. சாரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்: அடிபட்டவுடன் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பு முடிச்சின் பின்விளிம்பிலோ நுனியிலோ தொட்டால் வலித்தாலோ எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். வளரும் பிள்ளையிடம் சந்தேகம் வந்தாலே எடுத்துவிடுவது நல்லது. தசைநாரைவிட வளர்தட்டு மென்மையானது.

ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வீக்கம் வடிந்ததும் கால் ஆறிவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுவதுதான் காரணம். கிழிந்த தசைநாரோடு சேர்ந்து, கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கிவிடுகிறது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு கண்ணை மூடி நிற்பது, பிறகு நின்றபடி பந்தைப் பிடித்து எறிவது என்று சில வாரம் பயிற்சி செய்தால் அந்த உணர்வு திரும்புகிறது. கபடியில் இது உயிர்நாடி. கணுக்கால் பிடி என்றே ஒரு பிடி உள்ள ஆட்டம் அது. பிடித்த காலை உதறிக்கொண்டு மற்றக் காலால் கோட்டைத் தொட வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணைத்தலைவி கண்ணகி நகர் கார்த்திகா. அந்த வெற்றிக்குப் பிறகு தெற்குப் புறநகரில் கபடிக்கு வரும் பெண் பிள்ளைகளின் கால்களைக் காப்பது ஊரின் கடமையாகிவிட்டது.

இதெல்லாம் பலன் தருமா என்பதற்குச் சான்று உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் கால்பந்து வீராங்கனைகளிடம், பலம், சமநிலை, சரியாகக் குதித்து இறங்குதல் எல்லாம் சேர்ந்த இருபது நிமிட வார்ம்-அப்பை ஒரு பருவம் முழுக்கச் செய்ய வைத்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ‘ஃபிஃபா 11+’ என்ற அந்தப் பயிற்சி இன்று இலவசமாகக் கிடைக்கிறது.

கூடுவாஞ்சேரிக்கு இருக்கும் வசதி தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு இல்லை. ரயிலில் அடுத்தடுத்த நிறுத்தங்களில் பொத்தேரி, காட்டாங்கொளத்தூர்; அங்கே எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி கல்லூரி. வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளை நடத்தி, 38 தங்கத்தோடு இரண்டாமிடம் பிடித்த மாநிலம் இது. இந்த நிறுவனங்களின் மாணவர்கள் ஜூன் முதல் வாரத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு வந்து, ஒவ்வொரு விளையாட்டுப் பிள்ளைக்கும் நான்கு விஷயம் எழுதிவைக்கலாம்: உயரம், சுவர்ச் சோதனையில் இரண்டு காலின் அளவு, ஒற்றைக் காலில் எத்தனை முறை எழும்ப முடிகிறது, பழைய சுளுக்கு உண்டா. பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை மட்டும் மறுபடி அளந்தால், யார் சட்டென்று வளர்கிறார் என்று தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையின் குதிப்புகளைக் குறைத்து, படிக்கட்டுப் பயிற்சியைக் கூட்டலாம். குறுவட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு தொடங்கும் பயிற்சியை ஆறு வாரம் முன்பே மெதுவாகத் தொடங்கிவிட்டால், குதிகால் வலிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை அந்த ஆண்டே குறையும்.

பெற்றோர் கவனத்துக்குச் சில அறிகுறிகள். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் கால் வலி, காய்ச்சலோடு சேர்ந்த வீக்கம், ஓய்வெடுத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் நொண்டல், பின்காலில் ‘பட்’டென்று சத்தம் கேட்டு நுனிக்காலில் எழும்ப முடியாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் பயிற்சியையும் நீவலையும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் அன்றே கூட்டிப்போக வேண்டும்.